அந்தப் பழைய நாடகத்தை மறுபடியும் போடுங்கள்: சிங்கப்பூர்த் தமிழ் நாடகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இந்த மடல் சிங்கப்பூரில் தமிழ் நாடகம் போடும் எல்லாருக்கும். பெரிய குழு, சின்னக் குழு, பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை போடும் குழு என்று யாரையும் விடவில்லை. தேசிய கலைகள் மன்றத்தில் இதைப் படிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் முதல் பேச்சு உங்களோடுதான், ஏனென்றால் மானியம் யார் கொடுத்தாலும் எந்த நாடகம் மேடைக்கு வர வேண்டும் என்று உட்கார்ந்து யோசிப்பவர்கள் நீங்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்த ஊரில் ஏற்கெனவே எழுதி, ஏற்கெனவே மேடையேறிய தமிழ் நாடகம் ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்து, புது நடிகர்களை வைத்து, புது இயக்குநர் கையில் கொடுத்து, முழுசாக மறுபடியும் போடுங்கள். நினைவஞ்சலி நிகழ்ச்சியில் இரண்டு காட்சி நடித்துக் காட்டுவதைச் சொல்லவில்லை. டிக்கெட் வாங்கி வந்து, விளக்கு அணைந்து, ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ உட்கார்ந்து பார்க்கும் முழு நாடகமாக.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்கிறேன்.

நம் நாடகங்கள் பெரும்பாலும் ஒரு வாரயிறுதியோடு முடிந்துவிடுகின்றன. மாதக்கணக்கில் ஒத்திகை, அதுவும் பகலில் வேலைக்குப் போய்விட்டு வந்து, இரவு பத்து மணி வரை. பிறகு வெள்ளி இரவு ஒன்று, சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு மதியம் ஒன்று. கடைசிக் காட்சி முடிந்ததும் வெளியே வரவேற்புக் கூடத்தில் பூங்கொத்து, நடிகர்களோடு படம், மாமா சித்தி எல்லாரும் வந்து கட்டிப்பிடிப்பது. அன்று இரவே அரங்கப் பொருள்களைக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள், ஏனென்றால் அரங்கை மறுநாள் வேறு யாரோ எடுத்திருப்பார்கள். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஒருத்தர், "ரொம்ப நல்லா இருந்துச்சாமே, மறுபடி எப்ப போடுறாங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அடுத்த ஆண்டு போஸ்டர் வரும்போது அது வேறு நாடகம், வேறு கதை. இதுவே வழக்கமாகிவிட்டதால் யாருக்கும் இது ஒரு குறையாகவே படுவதில்லை.

இதே ஊரில் ஆங்கில நாடகம் என்ன செய்தது என்று பாருங்கள். ஸ்டெல்லா கோன் எழுதிய எமிலி ஆஃப் எமரல்ட் ஹில் 1985ல் இங்கே மேடையேறியது, மார்கரெட் சான் நடித்தார். ஒரே ஒரு ஆள் நடிக்கும் நாடகம், ஒரு பெரானாகான் (மலாய் வழக்கங்களும் கலந்த சீனச் சமூகம்) குடும்பத் தலைவியின் வாழ்க்கை. அதோடு அதை யாரும் மூட்டை கட்டி வைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார்கள், வேறு வேறு நடிகைகள் நடித்தார்கள், பிறகு ஐவன் ஹெங் என்ற ஆண் நடிகரே எமிலியாக வந்தார். 2019ல் வைல்ட் ரைஸ் குழு ஃபூனான் கட்டடத்தில் தன் சொந்த அரங்கைத் திறந்தபோது எந்த நாடகத்தோடு திறந்தது? புத்தம் புதிய நாடகம் ஒன்றைப் போட்டிருக்கலாம். அவர்கள் எடுத்தது எமிலியைத்தான். இந்த ஊரில் நடந்த முதல் மேடையேற்றத்துக்கு 34 ஆண்டு கழித்து. அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் 1985ல் பிறக்காதவர்கள் இருந்திருப்பார்கள், 1985ல் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். முதல்முறை பார்த்தவர்கள் "அந்தம்மா இந்த இடத்தில் வேறு மாதிரி செய்வார்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல முடிகிறது பாருங்கள், அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன். அந்தப் பேச்சு வந்த பிறகுதான் ஒரு ஊருக்குத் தனக்கென்று நாடக ரசிகர்கள் உண்டு என்று சொல்ல முடியும்.

1965ல் தனி நாடான ஊர் இது. இருநூறு முன்னூறு ஆண்டுப் பழைய நாடகம் நமக்கு எங்கே இருந்து வரும்? நாற்பது ஆண்டுப் பழைய நாடகம்தான் நம்முடைய செவ்வியல். அதைச் செவ்வியல் ஆக்குவது பேராசிரியர்கள் இல்லை, மறுபடியும் மறுபடியும் போடுகிறவர்களும் மறுபடியும் மறுபடியும் போய்ப் பார்க்கிறவர்களும்தான்.

நாடகாசிரியர் குவோ பாவ் குன் விஷயத்தைப் பேசாமல் இதைப் பேச முடியாது. அவர் 1988ல் செய்த மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட் நாடகத்தில் ஒரு காட்சி உண்டு. ஹொக்கியன் என்ற சீன வட்டாரமொழி மட்டும் தெரிந்த கிழவி, தன் பூனையைத் தேடித் தெருவில் அலைகிறாள். எதிரே தமிழ் மட்டும் தெரிந்த ஒரு முதியவர், அவரும் தன் பூனையைத் தேடி வருகிறார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. கையால் உயரம் காட்டி, வாலைக் காட்டி, மியாவ் என்று கத்திக் காட்டி, இரண்டு பேரும் புரிந்துகொள்கிறார்கள். சொந்தப் பிள்ளைகளோடு பேச மொழி இல்லாத கிழவிக்கு, மொழியே தெரியாத தமிழ்க் கிழவரோடு பேச முடிகிறது. சிங்கப்பூர் நாடகம் என்று யார் பேசினாலும் இந்தக் காட்சி வந்துவிடும், நாடகம் படிக்கும் மாணவர்கள் எழுதுகிறார்கள், ஆய்வு செய்கிறார்கள். நல்லது, எனக்கும் அந்தக் காட்சி உயிர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், சிங்கப்பூர் மேடையில் பலருக்கும் தெரிந்த தமிழ்க் கிழவர் ஒரு சீன நாடகாசிரியரின் நாடகத்தில் சில நிமிடம் வந்துபோகிறவர். நம் நாடகாசிரியர்கள் எழுதிய தமிழ்க் கிழவர்கள், தமிழ் அம்மாக்கள், கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள், அடுக்குமாடி வீட்டு மருமகள்கள் எல்லாம் எங்கே போனார்கள்? ஒரு வாரயிறுதிக்கு வந்தார்கள், போய்விட்டார்கள்.

எழுதப்படாமல் இல்லை. புதுமைதாசன் என்று நாம் அறிந்த பி. கிருஷ்ணன் எழுதிய அடுக்கு வீட்டு அண்ணாசாமி 1969, 1970ல் வானொலியில் தொடராக வந்தது. கம்பம் என்ற கிராமத்தையும் கடைவீட்டு மாடியையும் விட்டு மக்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்குக் குடிபோய்க்கொண்டிருந்த காலம். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மாறும். நாடு தன் வாழ்க்கையையே இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது, அதைத் தமிழில் சிரித்துக்கொண்டே பதிவு செய்த எழுத்து அது. அதே மனிதர்தான் ஷேக்ஸ்பியரையும் தமிழ் வானொலிக்குக் கொண்டுவந்தார். இதெல்லாம் இருக்கும்போது நமக்குப் பழைய சரக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்திய முஸ்லிம் பெண்ணின் மண வாழ்க்கையைப் பற்றி இளங்கோவன் எழுதிய தலாக் 1998ல் தமிழில் மேடையேறியது. 2000ல் அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் போட அனுமதி கிடைக்கவில்லை, ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேச்சு. அந்த நாடகத்தோடு ஒத்துப்போகிறவர்கள் உண்டு, கோபப்படுகிறவர்கள் உண்டு. இன்று 25 வயதுள்ள தமிழர் ஒருவருக்கு இரண்டும் முடியாது, பார்த்தால்தானே ஒத்துப்போகவோ கோபப்படவோ. அவருக்கு அது ஒரு செய்தித்தாள் தகவல், அவ்வளவுதான். இதில் உடனே அதைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அதற்கு உரிமம், சமூகம் என்று எத்தனையோ இருக்கிறது. பேசப்பட்ட நாடகம்கூட இப்படி மறைந்துபோகிறது என்றால் பேசப்படாத நல்ல நாடகத்தின் கதி என்ன என்றுதான் கேட்கிறேன்.

தமிழ்நாட்டு நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922லேயே இறந்துவிட்டார். மதுரைப் பக்கம் கோயில் திருவிழாவில் அவருடைய வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடக்கிறது. கதை தெரியாத ஒருத்தர் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். வள்ளி முருகனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் வந்து உட்காருகிறார்கள், எதற்கு? இந்த நாரதரும் இந்த வள்ளியும் தர்க்கத்தில் எப்படி மோதப் போகிறார்கள் என்று பார்க்க. போன வருஷம் வந்த வள்ளி நன்றாகப் பாடினாளா, இவள் நன்றாகப் பாடுகிறாளா என்று பார்க்க. முடிவு தெரிந்த நாடகத்தைத் தேடி வருகிற கூட்டம் ஒரே நாளில் உருவாகவில்லை, நூறு வருஷம் போட்டதால் உருவானது. நாம் இரண்டு முறைகூடப் போடுவதில்லையே.

நம் ஊரில் மக்களுக்கு நாடகத்தில் ஆர்வம் இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஏற்கவில்லை. 1963ல் ஃபோர்ட் கேனிங் சரிவில் தேசிய அரங்கம் எழுந்தது எப்படி? ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி (டாலர்) என்று மக்களிடம் கேட்டார்கள், மக்கள் கொடுத்தார்கள். ஒரு வெள்ளி அந்தக் காலத்தில் சும்மா இல்லை. 3,420 பேர் உட்காரும் இடம், பக்கச் சுவரே இல்லாமல், மழைக்காற்று உள்ளே வருகிற மாதிரி. சுயாட்சி கிடைத்ததன் நினைவாகக் கட்டியது, இன்னும் தனி நாடாகக்கூட ஆகவில்லை, வீடு பற்றாக்குறை, வேலை பற்றாக்குறை, அப்போதும் நாடகம் பார்க்க, ஆட்டம் பார்க்க, பாட்டுக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று அந்த மக்கள் நினைத்தார்கள். அரங்கை 1984ல் மூடி 1986ல் இடித்துவிட்டார்கள். கட்டடம் போனது போகட்டும், செங்கல்லுக்குக் காசு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உங்கள் டிக்கெட்டை வாங்க வேண்டியவர்கள்.

சரி, உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். நாடகக்காரர்களோடு பழகுவதால் இதை எல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம்.

பழைய நாடகம் பழசாகத் தெரியும் என்பீர்கள். தெரியட்டுமே. அந்தக் கால நகைச்சுவை சில இடத்தில் எடுபடாது, மருமகளைப் பற்றிய வசனம் சிலது இன்று காதில் உறுத்தும். அதை வெட்டி மெழுகித் தராதீர்கள், அதை எப்படிக் காட்டுவது என்பதுதான் புது இயக்குநருக்கு உள்ள வேலை. அதே வசனத்தை மருமகள் திரும்பி நின்று கேட்டால் என்ன, சிரிக்க வேண்டிய இடத்தில் மேடையில் யாருமே சிரிக்காமல் இருந்தால் என்ன? ஒரு சொல்கூட மாற்றாமல் நாடகத்தையே மாற்றலாம், அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரதி கிடைக்காது என்பீர்கள். இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பழைய நடிகர் ஒருவர் வீட்டில் ஒரு நாடகப் பிரதியைப் பார்த்தேன். தட்டச்சு செய்த தாள், கார்பன் நகல், எழுத்து வெளுத்துப்போய் ஊதா நிறத்தில். ஓரமெல்லாம் பென்சிலில் குறிப்பு. "இங்கே மெதுவா." "மூர்த்தி வரும்வரை திரும்பாதே." ஒரு பக்கத்தில் வசனத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு வசனம் எழுதியிருக்கிறது, மேடையில் சொன்னது இதுதான் என்றார் அவர். கடைசி இரண்டு பக்கம் இல்லை. முடிவு என்ன என்று கேட்டால் அவர் நடித்துக் காட்டுகிறார், அவர் நினைவில்தான் அது இருக்கிறது. அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நீங்கள் ஒவ்வொரு குழுவும் உங்கள் அலமாரியை, உங்கள் மூத்தவர்களின் அலமாரியை ஒருமுறை திறந்து பார்த்தால் இப்படி எத்தனை கிடைக்கும். கிடைப்பதை மின்படியாக்கித் தேசிய நூலகத்துக்குக் கொடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நூலகத்தில் பத்திரமாக இருக்கும் நாடகம் இன்னும் நாடகம் ஆகவில்லை, யாராவது எழுந்து நின்று சொன்னால்தான் ஆகும். 2014ல் வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் தொடங்கிய சென்டர் 42 பழைய சிங்கப்பூர் நாடகங்களைத் தோண்டி எடுத்து இன்றைய கலைஞர்கள் கையில் கொடுத்து மேடையில் பேச வைத்தது. அந்த வேலையைத் தமிழில் நாம் ஏன் தொடர்ச்சியாகச் செய்யக் கூடாது?

புதுசு போட்டால்தான் இளைஞர் வருவார்கள் என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு, 2020ல் அது 2.5 விழுக்காடு. இந்த எண்ணைச் சொல்லி எல்லாரும் வருத்தப்படுகிறோம், அப்புறம் பேச்சுப் போட்டி வைக்கிறோம். வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைக்கு, ஆட்கள் நிஜமாகத் தமிழில் சண்டை போடுகிற, கொஞ்சுகிற, பொய் சொல்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? மேடை ஒன்றுதான். அதிலும் தன் பாட்டி இளவயதில் பார்த்த அதே நாடகத்தை அந்தப் பிள்ளை பார்த்தால், வீட்டுக்குப் போகும் வழியில் எம்ஆர்டி ரயிலில் இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும். புது நாடகத்தால் இது முடியாது. புது நாடகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதன் வேலை வேறு. ரவீந்திரன் நாடகக் குழுவின் பத்தே நிமிடம் மாதிரி புது எழுத்தாளர்களை வளர்க்கும் முயற்சிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அங்கே எழுத வருகிற பிள்ளைகளுக்குத் தங்களுக்கு முன்னால் இந்த மண்ணில் தமிழில் யார் என்ன எழுதினார்கள் என்று பார்க்க வழியே இல்லை என்றால், ஒவ்வொரு தலைமுறையும் ஆரம்பத்திலிருந்தே தொடங்க வேண்டியதுதான்.

காசு விஷயம். செலவு கொஞ்சம் இல்லை என்று தெரியும், அரங்க வாடகை, விளக்கு, ஒலி எல்லாமே. ஆனால் இப்போது ஒரு நல்ல காலம் வந்திருக்கிறது. எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்று 2025ல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி கொடுத்திருக்கிறார்கள், உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் செலவழிக்க, 2028 கடைசி வரை செல்லும். எத்தனை தமிழ்க் குடும்பத்தில் அது தொடாமல் கிடக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, படிக்கிற அண்ணன் என்று ஒரே வீட்டில் 500 வெள்ளி இருக்கலாம். பாட்டியிடம் "புது நாடகம், வாங்க" என்று சொல்வதைவிட "நீங்க அப்ப பார்த்தீங்களே, அது மறுபடியும் போடுறாங்க" என்று சொன்னால் அந்தப் பணம் வெளியே வரும்.

அதோடு ஒரு விஷயம், இதைக் கோபமாகவே சொல்கிறேன். இலவச டிக்கெட் கொடுத்து அரங்கை நிரப்பும் பழக்கத்தைக் குறையுங்கள். காசு கொடுக்காமல் வந்தவர் இடைவேளையில் எழுந்து போவார், அதைப் பார்க்கும் நடிகருக்கு எப்படி இருக்கும்? பதினைந்து வெள்ளி கொடுத்தாலும் கொடுத்து வந்தவர் உட்கார்ந்து பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் உங்களிடமே வந்து சொல்வார். அப்படிச் சொல்லும் ஆள்தான் உங்களுக்கு வேண்டும்.

தேசிய கலைகள் மன்றத்துக்குச் சுருக்கமாக: மானிய விண்ணப்பம் ஒன்று மறுமேடையேற்றம் என்று வந்தால் அதை அரைவேலையாக நினைக்காதீர்கள். பழைய பிரதியைத் தேடுவது, உரிமையாளரின் குடும்பத்தைக் கண்டுபிடித்து அனுமதி வாங்குவது, விட்டுப்போன பக்கங்களை நினைவிலிருந்து எழுதி எடுப்பது, இதற்கெல்லாம் ஒத்திகை தொடங்கும் முன்பே மாதக்கணக்கில் ஆள் வேண்டும். அந்த உழைப்புக்கும் பணம் ஒதுக்குங்கள். அப்புறம், நான்கு காட்சிக்குப் பதில் எட்டுக் காட்சி போட முடிகிற சிறிய அரங்கங்களைத் தமிழ்க் குழுக்களுக்கு மலிவாகக் கிடைக்கச் செய்யுங்கள். வாய்வழிச் செய்தி பரவ நாலு நாளாவது வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கேள்விப்பட்டவர் புதன்கிழமை போகிற மாதிரி இருக்க வேண்டும்.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன். குழுக்கள் தங்களுக்குள் போட்டி போடுவதில் எனக்கு வருத்தம் இல்லை, கலை என்றால் அது இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக உட்காருங்கள். ஒரு குழுவின் பழைய நாடகத்தை இன்னொரு குழு போடட்டும். எழுதி இயக்கியவரே மறுபடியும் இயக்கினால் அது பழைய நாடகத்தின் நகலாகத்தான் வரும், வேறு கை பட வேண்டும். எழுதியவருக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும், முதல் வரிசையில் உட்கார்ந்து "இது நான் நினைத்தது இல்லையே" என்று பல்லைக் கடிப்பார். இருக்கட்டும். அவர் நாடகம் அவரைத் தாண்டி நிற்கிறது என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

ஏப்ரலில் வரும் தமிழ் மொழி விழாவில் அதற்கு ஓர் இடம் கேட்டு வாங்குங்கள், அதை நடத்தும் வளர்தமிழ் இயக்கத்திடம் நானும் எழுதிக் கேட்கிறேன். முதல் நாடகம் எது என்று என்னைக் கேட்டால் வானொலித் தொடராக வந்தது என்றாலும் அண்ணாசாமியைத்தான் சொல்வேன், முழு மேடை நாடகமாக, இப்போதைய வீவக வீட்டில் வளர்ந்த இருபது வயதுப் பிள்ளைகள் நடிக்க, அந்தக் காலத் தமிழை மாற்றாமல். அதற்கு அடுத்த ஆண்டுக்கு உங்கள் அலமாரியில் இருந்து ஒரு பெயரைச் சொல்லுங்கள். நாடகத்தின் பெயர், எழுதியவர், பிரதி யாரிடம் இருக்கிறது, இந்த மூன்றும் போதும். தட்டச்சு செய்ய, மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், என்னைப் போல் வேறு சிலரும் தயாராக இருக்கிறார்கள்.